ஓணம் விடுமுறையில் டொமைன் பெயரை மாற்ற வேண்டாம்: மருத்துவமனை நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற கூட்டத்தின் தீர்மானப் பிரதி எங்கள் பிரிவுக்கு வந்து சேர்ந்தது. அறக்கட்டளையின் பழைய பெயர் பலகையிலோ ரசீதிலோ கணினியிலோ இனி எங்கும் இருக்கக் கூடாது. கணினி வலையமைப்பின் டொமைன் பெயரையும் ஓணம் விடுமுறைக்குள் மாற்றிவிட வேண்டும் என்பது அதன் சாரம். பலகை மாறிவிட்டது. ரசீதுப் புத்தகமும் ஆம்புலன்ஸில் எழுதியிருந்த பெயரும் மாறிவிட்டன. மிச்சம் இருக்கும் அந்த டொமைன் பெயரைப் பற்றித்தான் இந்த மடல்.

அலுவலகக் குறிப்பாக எழுதினால் கோப்பில் சேர்ந்து அங்கேயே தங்கிவிடும். இந்த வேலை நடந்தால் அதன் சுமை எங்கள் பிரிவோடு நிற்காது. இரவுப் பணியில் இருக்கும் சிஸ்டர்கள், ஆய்வகம், பில் கவுண்டர், வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் கிளினிக்குகளின் பொறுப்பாளர்கள் எல்லோரும் சுமக்க வேண்டியிருக்கும். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். சித்தூர் தாலுகாவில் வேறு சில பள்ளி நிர்வாகங்களும் இதே யோசனையில் இருப்பதாகக் கேள்வி. அவர்களுக்கும் உதவினால் மகிழ்ச்சி.

முதலில், மாற்றச் சொல்லியிருக்கும் பொருள் என்னவென்று பார்ப்போம். காலையில் ஒரு சிஸ்டர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினால், அவர் யார், எந்த வார்டின் கோப்புகளைத் திறக்கலாம், எந்தப் பிரின்டரில் அச்சிடலாம் என்று முடிவு செய்வது மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி. அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் சர்வர்களுக்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர். நம்மிடம் நான்கு இருக்கின்றன: கொழிஞ்சாம்பாறைத் தலைமை மருத்துவமனையில் இரண்டு, செவிலியர் பள்ளியில் ஒன்று, வேலந்தாவளம் கிளினிக்கில் ஒன்று. இந்தப் பதிவேடு முழுவதற்கும் ஒரு பெயர் உண்டு. பழைய அறக்கட்டளையின் மூன்று எழுத்துகளும் அவற்றின் பின்னால் 'லோக்கல்' என்ற வாலும் சேர்ந்ததுதான் அது. நீங்கள் மாற்றச் சொல்வது அந்தப் பெயரை.

பாலக்காட்டின் ஆங்கிலப் பெயர் பால்காட் என்பதிலிருந்து 1990-இல் மாறியது. ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையும் மாறியது. ஆனால் பாலக்காடு சந்திப்பின் குறியீடு இன்றும் பி.ஜி.டி.தான்; நாம் டிக்கெட் எடுக்கும்போதெல்லாம் அச்சாகி வருகிறது. சென்னை சென்ட்ரலுக்கு 2019-இல் எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்ட பிறகும் குறியீடு எம்.ஏ.எஸ்.தான். அந்த மூன்று எழுத்துகளைப் பிடித்துக்கொண்டுதான் முன்பதிவும் சரக்கும் கால அட்டவணையும் நடக்கின்றன. பலகையை மாற்றியவர்கள் குறியீட்டில் கை வைக்கவில்லை. அதற்காக யாரும் பாலக்காட்டை இன்னும் பால்காட் என்று அழைப்பதில்லை. நம் டொமைன் பெயரும் அப்படி உள்ளே கிடக்கும் ஒரு குறியீடுதான். நோயாளி ஒருவர்கூட அதைப் பார்த்ததில்லை.

"முடியவே முடியாதா?" என்று கேட்டால், முடியும். ஆக்டிவ் டைரக்டரி அறிமுகமான விண்டோஸ் 2000-இல் இதற்கு வழி இருக்கவில்லை. விண்டோஸ் சர்வர் 2003-இல் ரென்டாம் என்ற கருவியை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. பயனர் கணக்குகள் அழிந்துவிடும், கடவுச்சொற்கள் போய்விடும், கோப்புகளின் அனுமதிகள் குலைந்துவிடும் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தியிருந்தால் அது தவறு. ஒவ்வொரு கணக்குக்கும் உள்ளே ஓர் அடையாள எண் இருக்கிறது. பெயர் மாறினாலும் அது மாறாது. அனுமதிகள் அந்த எண்ணோடு ஒட்டியவை. இந்த அளவில், பெயர் மாற்றும் வேலைக்கு விலைப்புள்ளி கொடுத்த நிறுவனம் சொல்வது சரி. "மூன்று மணி நேர வேலை" என்று அதே தாளில் எழுதியிருக்கிறார்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. மூன்று மணி நேரம் என்பது கட்டளைகள் ஓடி முடியும் நேரம்.

அந்தக் கட்டளைகள் ஓடும் விதத்தைப் பாருங்கள். டொமைன் கன்ட்ரோலர் அல்லாத ஒரு சர்வரில் உட்கார்ந்து, இப்போதைய பெயர்களைப் பட்டியலாக ஒரு கோப்பில் எடுக்க வேண்டும். அதில் புதிய பெயரை எழுதி மேலே ஏற்ற வேண்டும். அந்தக் கணம் முதல் பதிவேட்டின் அமைப்பு உறைந்துவிடும். வேலை முடிந்தது என்று அறிவிக்கும்வரை புதிய டொமைன் கன்ட்ரோலர் சேர்க்கவோ பழையதை விலக்கவோ இயலாது. பிறகு நான்கு சர்வர்களும் தயாரா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தொடர்பு கொண்டு கேட்க வேண்டும். நான்கும் தயார் என்றால்தான் அடுத்த படி. 'செயல்படுத்து' என்று உத்தரவிட்டதும் நான்கும் தங்கள் பதிவேட்டைத் திருத்திக்கொண்டு தாமாகவே மறுதொடக்கம் ஆகும். ஏதாவது ஒன்று பதில் சொல்லவில்லை என்றால், சொல்லும்வரை மறுபடி மறுபடி முயல வேண்டும். கடைசிவரை சொல்லாத சர்வரை டொமைன் கன்ட்ரோலர் பொறுப்பிலிருந்தே நீக்க வேண்டும். அதுவரை ஒரு பகுதி புதிய பெயரிலும் ஒரு பகுதி பழைய பெயரிலும் நிற்கும்.

இங்கேதான் வேலந்தாவளம் வருகிறது. அந்தக் கிளினிக்குக்கு நம் இணைப்பு, தண்ணீர்த் தொட்டி மேல் பொருத்திய வயர்லெஸ் தட்டு வழியாகப் போகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆடியில் தென்னை மட்டைகள் பறக்கும். தட்டு ஒரு விரற்கடை திரும்பினாலும் இணைப்பு விட்டு விட்டு வரும். ஆவணி பிறந்த உடனே காற்று அடங்கிவிடுவதும் இல்லை. சாதாரண நாளில் இது பெரிய விஷயம் ஆகாது. அங்கேயே ஒரு டொமைன் கன்ட்ரோலர் இருப்பதால் கிளினிக் தன் பாட்டுக்கு ஓடும். பெயர் மாற்றும் நாளில் மட்டும் அந்த ஒரு சர்வருக்காக மற்ற மூன்றும் காத்து நிற்க வேண்டும்.

அடுத்தது விடுமுறை. ஓணத்தில் ஆள் நடமாட்டம் குறைவு, யாருக்கும் தொந்தரவு இருக்காது என்பது உங்கள் கணக்கு. எனக்கு அதில்தான் பயம். சர்வர்கள் மாறிய பிறகு, டொமைனில் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு கணினியையும் இரண்டு முறை மறுதொடக்கம் செய்ய வேண்டும். முதல் முறையில் புதிய பெயரைத் தெரிந்துகொள்ளும். இரண்டாம் முறையில் எல்லாச் சேவைகளும் அந்தப் பெயருக்குப் பழகும். விடுமுறையில் அலுவலகக் கணினிகள் அணைந்து கிடக்கும். வார்டுகளில் தள்ளுவண்டி மேல் இருக்கும் மடிக்கணினிகள் வைஃபையில் ஓடுபவை. அவற்றை இரண்டு மறுதொடக்கமும் முடியும்வரை கம்பி வழி வலையமைப்பில் இணைத்து வைக்க வேண்டும். மருத்துவர்கள் வீட்டிலிருந்து வி.பி.என். என்ற பாதுகாப்பான இணையப் பாதை வழியாக மட்டும் இணைக்கும் மடிக்கணினிகளுக்கு அந்த வழியும் இல்லை. ஒவ்வொன்றையும் டொமைனிலிருந்து விலக்கி மறுபடி சேர்த்தாக வேண்டும். கடைசியில் பழைய பெயரின் தடயங்களைத் துடைக்கும் கட்டளை ஒன்று உண்டு. இரண்டு முறை மறுதொடக்கம் ஆகாத கணினி ஒன்று இருக்கும்போது அதை ஓட்டிவிட்டால், அந்தக் கணினியையும் கையால்தான் மீட்க வேண்டும்.

தவிர, ஓணத்தன்று கொச்சியில் யார் தொலைபேசியை எடுப்பார்கள்? ஆய்வக மென்பொருள் நிறுவனமும் எக்ஸ்ரே படச் சேமிப்பைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனமும் அங்கே இருக்கின்றன. திருவோணத்தன்று அவர்களை ஓண விருந்தின் இலையிலிருந்து எழுப்ப நான் தயாரில்லை, எழுப்பினாலும் வர மாட்டார்கள்.

ஆய்வகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனை இயந்திரத்தோடு ஒரு கணினி இணைந்திருக்கிறது. அதில் நாங்கள் எதையும் நிறுவக் கூடாது, மாற்றக் கூடாது என்பது இயந்திரம் விற்றவர்களின் நிபந்தனை. கோளாறு என்றால் கோயம்புத்தூரிலிருந்து அவர்களுடைய பொறியாளர்தான் வருவார். அந்தக் கணினி திறந்தவுடன் தானாக உள்நுழையும்படி, கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் பழைய மூன்றெழுத்து டொமைன் பெயரும் அதன் ரெஜிஸ்ட்ரி என்ற உள் அமைப்புக் கிடங்குக்குள் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. ரென்டாம் இந்த மாதிரி எழுத்துகளைத் தேடிப் போய்த் திருத்தாது. பெயர் மாறிய இரவில் அந்தக் கணினி மறுதொடக்கம் ஆகி, இல்லாத ஒரு டொமைனுக்குள் நுழையப் பார்த்து, உள்நுழையும் திரையிலேயே நின்றுவிடும். இயந்திரம் ரத்தத்தைப் பரிசோதித்துவிடும். முடிவு வார்டுக்குப் போகாது. அவசரப் பிரிவில் பொட்டாசியம் அளவுக்காக மருத்துவர் காத்திருக்கும் இரவு இரண்டு மணிக்கு, ஆய்வகத்தில் தனியாக இருக்கும் பெண் என்ன செய்வார்? தாளில் எழுதி மாடிக்கு ஓடுவார். ஓடுவார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவரை ஏன் ஓட வைக்க வேண்டும்?

இதே கதைதான் பில் கவுண்டரின் நகல் இயந்திரத்துக்கும். டிஸ்சார்ஜ் தாள்களை ஸ்கேன் செய்தால் நேரே சர்வரில் உள்ள கோப்புறைக்குள் போய் விழுகின்றன அல்லவா? அந்த இயந்திரத்தின் முகவரிப் பட்டியலில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வரி இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் சர்வரின் முழுப் பெயர், டொமைன், கணக்கு, கடவுச்சொல். உள்ளங்கை அகலத் திரையில் அம்புக்குறிப் பொத்தானை அமுக்கி அமுக்கி ஒவ்வோர் எழுத்தாகத் திருத்த வேண்டும். இப்படிப்பட்ட இயந்திரங்கள் எத்தனை கட்டடங்களில் இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். எக்ஸ்ரே பிரிவின் படச் சேமிப்பு, மருந்தகத்தின் இருப்பு மென்பொருள், இரவில் தானாக ஓடும் காப்பு நகல் வேலை, உள்நுழையும்போது ஓடும் ஸ்கிரிப்டுகள், சிஸ்டர்கள் திரையில் வைத்திருக்கும் கோப்புறைச் சுருக்குவழிகள் எல்லாவற்றிலும் பழைய பெயர் வெறும் எழுத்தாகப் பதிந்திருக்கிறது. எல்லாக் கணினிகளுக்கும் மையத்திலிருந்து போகும் விதிகளான 'குழுக் கொள்கைகளை'ச் சரிசெய்ய ஜிபிஃபிக்ஸப் என்ற தனிக் கருவி இருக்கிறது. அது கொள்கைகளுக்குள் மட்டும்தான் திருத்தும். டொமைன் கன்ட்ரோலர்களின் சொந்தப் பெயரின் வால்கூடத் தானாக மாறாது. ஒவ்வொன்றையும் நெட்டாம் கட்டளையால் தனியே மாற்ற வேண்டும்.

கணினிகளுக்கு மின்னணு அடையாளச் சான்று வழங்கும் நம் உள்ளகச் சான்றிதழ் சர்வரும் இருக்கிறது. வைஃபைக்கு அது வழங்கிய ஒவ்வொரு சான்றிதழுக்குள்ளும், 'நான் இன்னும் செல்லுபடியாகிறேனா என்று இங்கே போய்ப் பார்' என்று ஒரு முகவரி உண்டு. பழைய பெயரில் உள்ள முகவரி. ஏற்கெனவே வழங்கியவற்றைத் திருத்த முடியாது. அவை காலாவதியாகும்வரை பழைய பெயரை, பெயருக்கு முகவரி சொல்லும் டி.என்.எஸ்.ஸில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஆக, பழைய பெயர் எங்கும் இருக்கக் கூடாது என்ற தீர்மானம் பெயர் மாற்றிய பிறகும் நிறைவேறப் போவதில்லை.

இத்தனையையும் ஆள் வைத்து, நேரம் வைத்துச் சமாளிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். சமாளிக்க முடியாத ஒன்று இருக்கிறது: நம் மின்னஞ்சல் சர்வர். இது மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் 2016. எக்ஸ்சேஞ்ச் 2003 இருந்த காலத்தில் பெயர் மாற்றத்துக்குத் தனிக் கருவி இருந்தது. எக்ஸ்சேஞ்ச் 2007 முதல் மைக்ரோசாஃப்ட் இதை ஆதரிப்பதே இல்லை. எக்ஸ்சேஞ்ச் இருக்கும் டொமைனின் பெயரை மாற்றாதே என்பது அவர்கள் ஆவணத்திலேயே இருக்கும் எச்சரிக்கை. மாற்றி, அஞ்சல் பெட்டிகள் திறக்காமல் போனால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. விலைப்புள்ளியில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. நம்மிடம் எக்ஸ்சேஞ்ச் இருக்கிறதா என்று அவர்கள் கேட்டதாகவும் தெரியவில்லை. எனக்கு இது ஒன்றே போதும், அந்தத் தாளை மடித்து வைக்க.

சொல்லப்போனால், எக்ஸ்சேஞ்ச் 2016-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஓணத்துக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் செய்ய வேண்டியது அஞ்சலை வேறு இடத்துக்கு மாற்றும் வேலை. பலமுறை கேட்டும் அது நிகழ்ச்சி நிரலில் ஏறவில்லை, பெயர் ஏறிவிட்டது.

"மாற்றிப் பார்ப்போம், சரிவராவிட்டால் பழையபடி ஆக்கிக்கொள்வோம்" என்று கூட்டத்தில் ஓர் உறுப்பினர் சொன்னதாக அறிந்தேன். செயல்படுத்திய பிறகு திரும்பிப் போகும் பொத்தான் கிடையாது. பழைய பெயருக்குப் போக வேண்டும் என்றால், இதே வேலையை முதலிலிருந்து எதிர்த்திசையில் செய்ய வேண்டும்: நான்கு சர்வர்கள், இரண்டு மறுதொடக்கம், நகல் இயந்திரம், ஆய்வகக் கணினி, எல்லாம் மறுபடியும்.

இனி, உங்கள் நோக்கத்தை நிறைவேற்றும் வழி. பழைய பெயர் ஊழியர்களின் கண்ணில் படக் கூடாது, வெளியே போகும் கடிதத்தில் வரக் கூடாது என்பதுதானே தேவை?  டொமைனின் உள்பெயரைத் தொடாமல், பயனர் பெயரில் 'அட்' குறிக்குப் பின்னால் வரும் பகுதியாக அறக்கட்டளையின் புதிய இணையப் பெயரைச் சேர்க்கலாம். இதற்கு யு.பி.என். பின்னொட்டு என்று பெயர். சேர்ப்பது ஒரு நிமிட வேலை. பிறகு ஒவ்வொரு பயனருக்கும் அதை மாற்ற ஒரு பவர்ஷெல் கட்டளை வரி போதும். எந்தச் சர்வரையும் மறுதொடக்கம் செய்ய வேண்டியதில்லை. பழைய வடிவில் உள்நுழைவதும் தொடர்ந்து வேலை செய்யும் என்பதால் ஆய்வகக் கணினிக்கும் நகல் இயந்திரத்துக்கும் விஷயமே தெரியாது. பிடிக்காவிட்டால் அன்று மாலையே திருப்பிவிடலாம். மின்னஞ்சலிலும் புதிய முகவரியை முதன்மையாக்கி, பழைய முகவரிக்கு வரும் கடிதங்களும் வந்து சேரும்படி வைக்கலாம். பின்னாளில் மைக்ரோசாஃப்ட் 365 என்ற இணையவழிச் சேவைக்குப் போனாலும் இந்தப் பின்னொட்டு எப்படியும் தேவைப்படும். 'லோக்கல்' வாலை வைத்துக்கொண்டு அங்கே நுழைய முடியாது.

இதில் ஒரு குறை இருக்கிறது, மறைக்கவில்லை. உள்நுழையும் திரையின் அடியில் பழைய மூன்று எழுத்துகள் சிறியதாக இன்னும் தெரியும். சிஸ்டர்கள் பார்ப்பார்கள். அவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். "அது என்ன எழுத்து என்றே கவனித்ததில்லை" என்றார் மூத்த சிஸ்டர் சேச்சி.

அந்த மூன்று எழுத்துகளும் போயே ஆக வேண்டும் என்று நீங்கள் உறுதியாக இருந்தால், அதற்கும் வழி உண்டு. புதிய பெயரில் வேறொரு டொமைனைப் பக்கத்திலேயே எழுப்பி, ஒன்றின் கணக்குகளை மற்றொன்று ஏற்கும்படி இரண்டுக்கும் நடுவே நம்பிக்கைப் பிணைப்பு ஏற்படுத்தி, ஒவ்வொரு வார்டாக, ஒவ்வொரு கிளினிக்காகக் குடிபெயர்ப்பது. மாதக்கணக்கில் ஆகும், செலவும் கூடுதல். ஆனால் மீனாட்சிபுரத்தில் சிக்கல் வந்தால் மீனாட்சிபுரம் மட்டும் ஒரு நாள் தடுமாறும்; கொழிஞ்சாம்பாறை அவசரப் பிரிவு நிற்காது. நம் சர்வர்கள் எப்படியும் மாற்ற வேண்டிய வயதை எட்டிவிட்டன. புதியவை வாங்கும்போது இதையும் சேர்த்துச் செய்வதே முறை.

இவ்வளவுக்குப் பிறகும் ரென்டாம்தான் என்று முடிவெடுத்தால், எங்கள் பிரிவு ஒத்துழைக்கும். அப்போது அஞ்சல் சர்வர் முன்னதாகவே இடம் மாறியிருக்க வேண்டும். நம் டொமைன் கன்ட்ரோலர்களின் நகலை வெளித்தொடர்பு இல்லாத ஒரு தனி வலையமைப்பில் நிறுத்தி, அங்கே முழு ஒத்திகையும் நடந்திருக்க வேண்டும். ஓணம் வேண்டாம்; எல்லோரும் பணியில் இருக்கும், காற்று அடங்கிய ஒரு துலா (ஐப்பசி) மாத வாரம் போதும். ஒவ்வொரு கிளினிக்கிலும் நம் ஆள் ஒருவர் கணினிகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மறுதொடக்கத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்த கையோடு நான்கு சர்வர்களுக்கும் புதிதாகக் காப்பு நகல் எடுக்க வேண்டும். பழைய தடயங்களைத் துடைக்கும் அந்தக் கடைசிக் கட்டளையை எப்போது ஓட்டுவது என்பதை எங்கள் பிரிவு முடிவு செய்யும், விலைப்புள்ளி கொடுத்தவர்கள் அல்ல.

அந்த நிறுவனத்திடம் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். எக்ஸ்சேஞ்ச் 2016 இருக்கும் டொமைனில் இதைச் செய்வதற்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு உண்டா? வேலந்தாவளம் சர்வர் நடுவில் தொடர்பிலிருந்து விடுபட்டால் என்ன செய்வார்கள்? மறுநாள் காலை ஆய்வக முடிவு வார்டுக்கு வராவிட்டால் யார் வந்து நிற்பார்கள்? பதில் வரும்வரை ஓணத் தேதியை நிறுத்தி வைப்பதாக அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும். யு.பி.என். பின்னொட்டை நேரில் பார்க்க விரும்பினால், கூட்ட அறையில் இருக்கும் கணினியிலேயே தேநீர் இடைவேளையில் செய்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வலையமைப்புப் பிரிவு ஊழியன்,
கொழிஞ்சாம்பாறை